மூன்றாம் ஓலை

சகாயமேரியைப் பற்றி யாராவது "பாவம், நல்ல பொம்பளை" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்லவளாக இருந்து என்னத்தைக் கண்டாள்? தேடி வந்த வாழ்வைத் தானே எழுந்து நின்று உதறினாள். நானும் கூட இருந்தேன். கூட இருந்தேன் என்பதோடு நிறுத்திக்கொள்ளவும் முடியாது. எல்லாவற்றையும் சொல்கிறேன்.

அண்ணனூரில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வேலி. அவள் மாதா கோவிலுக்குப் போகிற வேதக்காரி, நான் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள். அதனால் எங்களுக்குள் ஒன்றும் குறைந்துவிடவில்லை. உலகச் சண்டை வந்தபோது ஆவடியில் பட்டாளத்துக்குக் காக்கிச் சட்டை தைக்கிற கொட்டகை போட்டார்கள். பொத்தான் தைக்க இரண்டு பேரும் ரெயில் பாதை ஓரமாக நடந்தே போவோம்.

அவள் புருஷன் பிரகாசம் கலியாணமான மறுவருஷமே ரங்கூனுக்குக் கப்பல் ஏறினவன். இரண்டு வருஷம் கடுதாசி வந்தது, பிறகு நின்றுபோயிற்று. பிள்ளை இல்லை. பெற்றவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒற்றை ஆளுக்கு எதற்கு உலை என்று பாதி நாள் அடுப்பே மூட்ட மாட்டாள். ஒருநாள் பொத்தான் தைத்துக்கொண்டே சொன்னாள்: "யக்கா, என்னெ பேர் சொல்லிக் கூப்ட்டு, சாப்ட்டியான்னு கேக்க ஒரு ஆள் இல்லியே." சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடித்தாள். வேலிக்கு இந்தப் பக்கமே இருந்த எனக்கு அதுவரை கேட்கத் தோன்றவில்லை. என் வீட்டில் ஏழு தட்டு; அதற்கே எனக்குப் பொழுது சரியாக இருந்தது.

கேட்க ஒரு ஆள் வந்தான். ரெயில்வே கேட்டில் வேலை பார்த்த ஜோசப்ராஜ். பெண்டாட்டியைப் பிரசவத்தில் பறிகொடுத்தவன். நாங்கள் கேட்டைக் கடக்கும்போது கையிலிருக்கும் கொடியைச் சுருட்டிக்கொண்டே, "சகாயம், சாப்ட்டியா?" என்பான். அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்த பேச்சு. "ஆச்சு" என்பாள் இவள், ஆகாத நாளிலும். பிறகு, தினமும் பொய் சொல்வது மனசை உறுத்துகிறது என்று நிஜமாகவே சமைக்க ஆரம்பித்தாள். பார், என்ன பிறவி!

அந்தச் சமயத்தில் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். அங்கிருந்து நடந்தே வந்து சேர்ந்தவர்களில் பூந்தமல்லிக்காரன் பரந்தாமன் ஒருவன். பிரகாசம் வேலை செய்த துறைமுகக் கிடங்கு எரிந்ததைக் கண்ணால் பார்த்தேன், ஒருத்தரும் மிஞ்சவில்லை என்று கோவில் சாமியாரிடமே சொன்னான். சகாயமேரி அழுதாள், பிரகாசத்தின் ஆத்துமாவுக்குப் பூசை வைத்தாள். சில மாதம் கழித்து ஜோசப்ராஜ் கேட்டான். ஐப்பசியில் கலியாணம் என்று முடிவாயிற்று.

அவர்கள் வழக்கத்தில் கலியாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோவிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் எவரானாலும் சொல்லக் கடவார்கள் என்று. முதல் ஓலை வாசித்தார்கள். மறுநாள் அவளுக்குத் தபால் கார்டு ஒன்று வந்தது.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. மூன்றாம் வகுப்பு வரை போன நான்தான் வாசித்தேன். என் வாய் வெந்துபோக. 'நான் பிழைத்து அஸ்ஸாம் வந்துவிட்டேன். என்னோடு ஒரு பர்மாக்காரியும் இரண்டு குழந்தைகளும் இருக்கிறார்கள். இனி ஊருக்கு வர மாட்டேன். நான் செத்ததாக வைத்துக்கொள். பிரகாசம்.'

"அவனே சொல்லிட்டான் இல்ல, செத்துட்டேன்னு? அடுப்புல போடுடி."

"உசுரோட கீறாரேக்கா."

"இருந்து இன்னா? உனக்கா கீறான்?"

"தடை தெரிஞ்சா சொல்லுன்னு கோவில்ல கேக்கறாங்களே."

"அது ஊர்ல கீறவங்களக் கேக்கறது. கலியாணப் பொண்ணையா கேக்கறாங்க? வாயெ மூடிகினு இரு."

நானே கார்டை அடுப்பில் போட்டேன். அவள் தடுக்கவில்லை. அதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டாம் ஓலைக்கு அவள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் அன்றைக்குப் பூசையில் சாமியார் கொடுக்கிற நன்மை அப்பம் வாங்கப் போகவில்லையாம்; மனசில் பாவம் இருந்தால் வாங்கக் கூடாதாம். கொட்டகையில் பொத்தானைத் தப்பான பக்கம் தைத்துத் திட்டு வாங்கினாள். அந்த வாரம் ஜோசப்ராஜ் தகரத்துண்டு கொண்டுவந்து அவள் கூரை ஒழுகலை அடைத்தான். கீழே நின்று அவனையே பார்த்திருந்தவள் என்னிடம் வந்து, "இவரு கெட்டவரா இருந்திருந்தா வேணாங்கறது சுளுவா போயிருக்கும்க்கா" என்றாள். ஐயோ, அப்போதே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

மூன்றாம் ஞாயிறு நானும் கோவிலுக்குப் போய்க் கடைசியில் உட்கார்ந்தேன், காவல் மாதிரி. சாமியார் ஓலையை வாசித்து முடித்துவிட்டு வழக்கம்போலக் கொஞ்சம் நிறுத்தினார். தகரக் கூரையில் மழை விழுந்துகொண்டிருந்தது. சகாயமேரி திரும்பி என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். எழுந்து நின்றாள்.

"எனக்குத் தெரியும் சாமி. எங்க ஊட்டுக்காரரு உசுரோட கீறாரு."

கோவிலே திரும்பிப் பார்த்தது. "யார் சொன்னார்கள்? கடிதம் இருக்கிறதா?" என்றார் சாமியார்.

"கார்டு வந்துச்சு சாமி. எரிஞ்சுபோச்சு."

எரித்தது யார் என்று அவள் சொல்லவில்லை. வாசித்தது யார் என்றும் சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு யார் வாசித்துக் காட்டுவார்கள் என்று ஆம்பிளைகள் பக்கம் இருந்த ஜோசப்ராஜுக்குத் தெரியும். அவன் என்னைப் பார்த்துக் கேட்டான்: "யக்கா, கார்டு வந்துச்சா?"

இல்லை என்று ஒரு வார்த்தை. அது போதும். துக்கத்தில் உளறுகிறாள் என்று சமாதானம் சொல்லிக் கலியாணத்தை முடித்திருப்பார்கள். அந்த வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவளோ அத்தனை பேருக்கு நடுவே தன்னந்தனியாக நின்றாள். நானும் கைவிட்டால் அவள் பொய்க்காரி.

"வந்துச்சு" என்றேன். "நாந்தான் படிச்சேன். நாந்தான் எரிச்சேன்."

ஜோசப்ராஜ் அவளிடம் போய் நின்றான். "சகாயம்" என்றான். மழையிலேயே இறங்கிப் போனான். ஒரு மாதத்தில் அரக்கோணம் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டான்.

இது நடந்து நாலு வருஷமாகிறது. சண்டை முடிந்து, கொட்டகையையும் பிரித்துவிட்டார்கள். அவள் அதே வீட்டில்தான் இருக்கிறாள். ஞாயிறு தவறாமல் நன்மை வாங்குகிறாள். நிம்மதியாக இருக்கிறாயா என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். "நிம்மதியாத்தான் கீறேன்க்கா. ஊடுதான் ரொம்ப சத்தமில்லாம கீது" என்றாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் வேலி ஓரம் நின்று, "சகாயம், சாப்ட்டியா?" என்று நான் குரல் கொடுக்கிறேன். "ஆச்சுக்கா" என்பாள். அடுப்பு மூட்டாத நாளில் பதிலே வராது. இப்போது அவள் அந்தப் பொய்யும் சொல்வதில்லை. அன்றைக்கு எட்டாவதாக ஒரு தட்டில் சோறு போட்டு வேலிக்கு மேலே நீட்டுவேன். வாங்கிக்கொள்வாள். அவள் கேட்க ஆசைப்பட்ட குரல் என்னுடையது இல்லை. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.