பட்டியலில் இல்லாத நான்கு போட்டிகள்

எங்கள் குடும்பத்தில், பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் உயர்பள்ளியான கிம்னாசியத்துக்குப் போன முதல் ஆள் நான். அம்மா இடம்பெயர்வுகளுக்கு நடுவே ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அப்பா எட்டாம் வகுப்பு. அதனால் பள்ளி இறுதியில் வரும் மத்தூரா சோதனைக்கு முன் மாணவர் எல்லோரும் எழுத வேண்டிய நீண்ட ஆய்வுக் கட்டுரைக்கு நான் தலைப்புத் தேடியபோது, வீடே கூடி யோசித்தது. அப்பா சுவிஸ் வங்கிகளைப் பற்றி எழுதச் சொன்னார். அம்மாதான் உருப்படியாக ஒன்று சொன்னார்.

"எங்கட வேலையில ஒராள் நிக்கிறாவெல்லே, ஆப்பிரிக்காவில இருந்து வந்தவ. அவ தன்ர நாட்டு நஷனல் ரீமில பந்தடிச்சவவாம்."

"பொம்பிளையளின்ர ரீமிலயோ?"

"பின்னை, ஆம்பிளையளின்ர ரீமிலயே விடுவினம்? கிம்னாசியத்தில படிக்கிற பிள்ளை கேக்கிற கேள்வியைப் பார்."

அம்மா ஊஸ்டர் நகரில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறார். அவரும் அந்தப் பெண்ணும் நான்கு வருடமாக ஒரே விரிப்பின் இரு முனைகளைப் பிடித்து மடிப்பவர்கள். இருவருக்கும் பொதுவானது உடைந்த ஜெர்மன். அதற்குள் 'அக்கா', 'தங்கச்சி' என்ற இரண்டு சொற்களையும் அம்மா நுழைத்துவிட்டிருந்தார். நாற்பதைத் தாண்டிய அந்தத் தங்கச்சி, நீர் சொட்டும் துணிகள் நிறைந்த வண்டியை ஒரு கையால் திருப்புவார்.

முதலில் இணையத்தில் தேடினேன். அவருடைய நாட்டின் ஆண்கள் உதைபந்தாட்ட அணிக்குப் பக்கம் பக்கமாக வரலாறு இருந்தது. பெண்கள் அணிக்கு ஒரு சிறிய பட்டியல்தான். அதில் உள்ள முதல் போட்டியே, இவர் ஆடியதாக அம்மாவிடம் சொன்ன காலத்துக்குச் சில வருடங்கள் பிந்தியது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. யாரும் எழுதாததை நான் எழுதப் போகிறேன்!

ஒரு சனிக்கிழமை, வேலையாட்கள் தேநீர் குடிக்கும் அறையில் அவரை உட்கார வைத்தேன். கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவை இயக்கினேன். அச்சிட்ட கேள்விகளை எடுத்தேன். முழுப் பெயர், பிறந்த திகதி, முதல் போட்டி நடந்த திகதி, மைதானத்தின் பெயர், அதை உறுதிப்படுத்தக்கூடியவர்கள் யார்.

விரிப்பை மடிக்கும்போது சத்தமாகச் சிரிப்பவர், நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டார். "தெரியாது." "நினைவில்லை." கடைசியில் அவரே ஒரு கேள்வி கேட்டார்: "இதை யார் வாசிப்பார்கள்?"

திரும்பும் வழியில், பஸ்ஸில், அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கென்ன விசரே? இன்டர்வியூவில எங்களைக் கேட்ட மாதிரியெல்லோ அவவைக் கேட்டனி. மேசையில மிசினை வேற வைச்சுக்கொண்டு."

எனக்கு முகம் எரிந்தது. அகதி விசாரணையில், எல்லையைக் கடந்தது செவ்வாய்க்கிழமை என்று அப்பா சொன்னார். புதன் என்று அம்மா சொன்னார். அந்த ஒரு நாள் வித்தியாசத்துக்காக ஆறு வருடம் காத்திருந்த குடும்பம் எங்களுடையது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஒருவர் திகதி சொன்னால் மற்றவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார். அப்படி வளர்ந்த நான், அதே கேள்விகளை அழகாக அச்சடித்துக்கொண்டு போயிருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை வெறுங்கையோடு போய், துவாய் மடிக்க நின்றேன். கேட்டது அம்மா.

"தங்கச்சி, உங்களுக்குச் சப்பாத்து யார் தந்தது?"

"யாரும் தரவில்லை, அக்கா! அண்ணன்மாரின் சப்பாத்து. முன்னால் துணி அடைத்துப் போட்டோம்."

அதன் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. ஆண்கள் போட்டுக் கழித்த சட்டைகள் முழங்கால்வரை தொங்கியதால் இடுப்பில் முடிச்சுப் போட்டு ஆடினார்கள். அயல்நாட்டுக்குப் பயணம், மூட்டை ஏற்றிய பாரவண்டியில். முதல் போட்டிக்கு வந்த சனம் சிரிக்க வந்தது. இரண்டாவது பாதியில் சிரிப்பு நின்று, கத்தத் தொடங்கியது. பட்டியலுக்கு முன் இப்படி நான்கு போட்டிகள். மூன்றில் தோல்வி, ஒன்று சமன்.

அவர் இடது பக்கத் தடுப்பு ஆட்டக்காரி. எதிரணியை 'ஓஃப்சைட்' ஆக்க, பின்வரிசை நால்வரும் ஒரே நேரத்தில் முன்னே ஏற வேண்டும். அதற்குக் குரல் கொடுத்தது அவர்தான். அம்மாவுக்கு அது விளங்கவில்லை. உடனே நான்கு துணிவண்டிகளை வரிசையாக நிறுத்தி, என்னை எதிரணியாக்கி, அம்மாவிடம் இரண்டு வண்டிகளைக் கொடுத்துவிட்டு ஒரு குரல் கொடுத்தார். நான்கு வண்டிகளும் பாய்ந்தன. நான் மட்டும் உலர்த்தும் இயந்திரத்தின் பக்கத்தில் தனியே நின்றேன்.

"அட, பிள்ளை பிழையான இடத்தில நிக்கிறாள்!" என்று அம்மா கைதட்டினார். சத்தம் கேட்டு ஓடிவந்த பொறுப்பாளர், வண்டிகளையும் எங்களையும் பார்த்துவிட்டு, கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார்.

இவ்வளவும் சொன்னவர், எழுதலாமா என்று கேட்டதும் மறுபடியும் அடங்கிப் போனார். காரணத்தை அன்றுதான் சொன்னார். தேசிய அணியில் ஆடியதால் வந்த மிரட்டலைத் தன் விசாரணையில் சொல்லியிருக்கிறார். அதிகாரி அதே இணையப் பட்டியலைப் பார்த்திருக்கிறார். அப்படிப் போட்டிகள் நடந்ததற்கு ஆதாரம் இல்லை, ஆகவே இவர் சொல்வது நம்பத்தக்கதல்ல என்று முடிவுக் கடிதம் வந்தது. திருப்பி அனுப்பவில்லை, பத்து வருடமாகத் தற்காலிக எஃப் விசா. இப்போது வதிவிட அனுமதியான பி விசாவுக்கு விண்ணப்பித்துப் பதிலுக்குக் காத்திருந்தார்.

"நீ எழுதுவதில் ஒரு திகதி மாறினால்?" என்றார். அவர் சம்மதிக்கும்வரை எழுதியதை எங்கும் கொடுக்க மாட்டேன் என்றேன்.

அவரோடு ஆடிய மூவர் வேறு வேறு நாடுகளில் இருந்தார்கள். அவர் மூலமாக அவர்களுக்குக் குரல்செய்தி அனுப்பினோம். இந்த முறை அம்மாவின் கேள்விகள்: சப்பாத்து, வண்டி, சாப்பாடு, யார் அழுதது. ஒருவருக்கு மற்றவர் சொன்னதை நான் சொல்லவில்லை. திகதியில் மூவரும் மூன்று விதம். ஒருவர் வருடத்தையே மாற்றினார். ஆனால் கோல் கம்பத்துக்கு வலை இல்லாமல் ஏரிக்கரையில் மீன்வலை வாங்கிக் கட்டியதையும், கோல் விழுந்தபோதெல்லாம் அது நாறியதையும் மூவரும் சொன்னார்கள். சமன் செய்த போட்டியில் இடது பக்கத்திலிருந்து வந்த குரலையும் சொன்னார்கள். "அந்தக் குரலுக்குப் பயந்தே ஓடினோம்" என்றார் ஒருவர். சலவைப் பகுதியில் அதைக் கேட்டபோது, இவர் விரிப்பால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். கொஞ்ச நேரம் அந்த விரிப்பை எடுக்கவில்லை.

நான் இரண்டு பிரதிகள் தயாரித்தேன். ஒன்று இணையப் பட்டியலின் முதல் போட்டியோடு தொடங்கியது. மற்றது அதற்கு முந்திய நான்கு போட்டிகளிலிருந்து. இரண்டாவதில், திகதி உறுதியில்லை, நான்கு பேரின் நினைவு இப்படி வேறுபடுகிறது என்று வெளிப்படையாக எழுதி, வித்தியாசங்களை அடுத்தடுத்து வைத்திருந்தேன். ஒப்படைக்கும் வாரத்தில் அந்த அத்தியாயத்தை எளிய ஜெர்மனில் அவருக்கு வாசித்துக் காட்டினேன். சம்மதம் தராமல், பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"விடு பிள்ளை. அவவின்ர விசா பெரிசு, உன்ர புள்ளி இல்லை" என்றார் அம்மா. அது சரிதான். முதல் பிரதியைக் கொடுப்பதென்று முடிவு செய்தேன்.

மறுநாள் மாலை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, தேநீரைத் தொடாமல், கைப்பையிலிருந்து அந்த முடிவுக் கடிதத்தை எடுத்து மேசையில் விரித்தார். ஒரு வரியில் விரல் வைத்தார்.

"இந்த நாட்டில் என் பெயரும் 'தேசிய அணி' என்ற சொல்லும் ஒன்றாக இருக்கும் காகிதம் இது ஒன்றுதான். அதுவும் இல்லை என்று சொல்கிற காகிதம். இதையும் உன் கட்டுரையில் போடு."

"தங்கச்சி, விசா?" என்றார் அம்மா.

"அக்கா, நான் அங்கே சொன்னதும் இதில் இருப்பதும் ஒன்றுதான். அன்று நான் தனியாகச் சொன்னேன். இதில் நாங்கள் நான்கு பேர்."

பிறகு முதல் போட்டியில் ஆடிய பதினொருவரின் பெயர்களையும், கோல் காப்பாளரிலிருந்து தொடங்கி, எழுத்தெழுத்தாகச் சொன்னார். நான் எழுதினேன். இடது பக்கத் தடுப்பு வந்தபோது பேனாவைக் கேட்டு வாங்கி, தன் பெயரைத் தானே எழுதினார்.

அந்தப் பெயர்கள் எங்கள் பள்ளி நூலகத்தில் இருக்கும் பிரதியில் உள்ளன. பி விசாவுக்கு இன்னும் பதில் வரவில்லை. இங்கே நான் யாருடைய பெயரையும் எழுதவில்லை. அன்று அவர் அனுமதி தந்தது அந்தக் கட்டுரைக்கு மட்டும்தான்.