வேன் நின்ற இடத்தின் உரிமையாளர்

புகார் மனுவை எழுதியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால், அதுவரைக்கும் என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டு படித்திருப்பீர்கள்.

தங்கச் சுரங்கத்துக் கோரமண்டல் லைன் வீடுகளில் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். என் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற அண்ணா, சுரங்கத்தை மூடியபோது கைக்கு வந்ததை வைத்து ஒரு பழைய வேன் வாங்கினார். பல வருடம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றி இறக்கினார். பத்து வருடத்துக்கு முன்னால் இஞ்சின் போனது. வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். நிறுத்தினதுதான். டயர்கள் மண்ணில் புதைந்தன. காற்றடிக்கிற நாளெல்லாம் சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேட்டிலிருந்து வெள்ளைத் தூசி வந்து கூரைமேல் படிந்தது. அண்ணி அதன் முன்பக்கத்தில் மிளகாய் காயவைத்தார். சாயங்காலமானால் அண்ணா டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு செல்போனில் பாட்டுக் கேட்பார்.

எனக்கோ மூக்குமேல் கோபம். விடியற்காலை ரயிலைப் பிடித்து, பெங்களூரு வரைக்கும் நின்றபடி போய், ஆபீசில் கன்னடக் கடிதங்களாக டைப் அடித்துவிட்டு, கால் வீங்கித் திரும்பி வருகிறவள். அப்படி வந்த ஒரு நாள் குளியலறையில் பாம்பு இருந்தது. என்னைப் பார்த்ததும் சாவகாசமாகத் தண்ணீர் போகிற ஓட்டை வழியாக வெளியேறி வேனுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. குளிக்கக்கூட இல்லை, உட்கார்ந்து கன்னடத்தில் மனு எழுதினேன். ஓடாத வண்டியைச் சொந்த இடத்தில் போட்டுவைத்து அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு கொடுத்தால், எழுத்தில் புகார் வந்தால் நகரசபை நோட்டீஸ் கொடுக்கலாம், ஏழு நாளில் எடுக்காவிட்டால் இழுத்துப் போகலாம் என்று ஆபீசில் யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். பெயரை வெளியில் சொல்ல மாட்டார்களாம். அந்தத் தைரியம்தான்.

என் வீட்டுப் பின்புறத்தில் தார்ப்பாய்க்கு உள்ளே ஒரு ஸ்கூட்டர் ஆறு வருடமாகச் செத்துக் கிடந்தது. அது என் ஸ்கூட்டர் என்பதால் கண்ணில் படவில்லை.

நோட்டீஸ் வந்தது. அண்ணா அதை நேராக என்னிடமே எடுத்து வந்தார். லைனில் கன்னடம் பேசாதவர் இல்லை, எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"இன்னாம்மா போட்டுகீறான்? படி."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னேன். ஓடாத வாகனம், பாம்பு, கொசு, ஏழு நாள். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ முதல் வரியிலேயே நின்றிருந்தார்.

"மொதல்ல இன்னாவோ சொன்னியே. யாருக்குன்னு போட்டுகீறான்?"

"மாலீகருன்னு போட்டிருக்காங்கண்ணா. இந்த எடத்தோட ஓனருக்கு."

"நல்லாப் பாரு."

பார்த்தேன். அச்சடித்த படிவம்தான். அதில் அவர் பெயரையும் வீட்டு எண்ணையும் பேனாவில் எழுதியிருந்தார்கள்.

அண்ணா என் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. சுரங்கம் ஓடியபோது வேலையோடு வந்த வீடுகள் இவை. சுரங்கம் நின்ற பிறகும் நாங்கள் நின்றோம். ஓடு மாற்றியது நாங்கள், சுவர் பூசியது நாங்கள். ஆனால் எந்தக் காகிதத்தை எடுத்தாலும் நாங்கள் குடியிருப்பவர்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு தேர்தலுக்கும் பட்டா வருகிறது, ஓட்டுப் போட்டதும் போய்விடுகிறது. நாளைக்கு யாராவது வந்து காலி பண்ணச் சொன்னால் நீட்டுவதற்கு எங்கள் கையில் ஒன்றும் இல்லை. அந்தப் பயத்தோடு ஒரு ஆயுள் முழுக்கத் தூங்கி எழுந்தவரிடம், அரசாங்க முத்திரை போட்டு, இந்த இடம் உன்னுடையது, சுத்தமாக வைத்துக்கொள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

இது வழக்குக்கு நிற்கிற காகிதம் இல்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். நான் சொல்லவில்லை.

சாயங்காலத்துக்குள் லைன் முழுக்கச் செய்தி பரவியது. நோட்டீஸை ஆள் மாற்றி ஆள் வாங்கிப் பார்த்தார்கள். மறுநாள் நான் ரயிலை விட்டு இறங்கி வந்தால், எதிர் வீட்டு வாசலில் ஒரு பழைய மொபெட். அதற்கடுத்த வீட்டில் சக்கரம் இல்லாத ஆட்டோ. பின்கட்டில் கிடந்த துருவையெல்லாம் ஜனங்கள் இழுத்து வந்து முன்னால் வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரு நோட்டீஸ் வேண்டும். சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நகரசபை அதிகாரி பைக்கில் வந்தார். பொறுமையான மனிதர், சின்ன வயது. மொபெட்டையும் ஆட்டோவையும் பார்த்தார். எங்களுக்கும் கொடுங்க சார் என்று சூழ்ந்துகொண்டவர்களிடம், பக்கத்து வீட்டார் எழுத்தில் புகார் கொடுக்காமல் நோட்டீஸ் கொடுக்க முடியாது என்று கன்னடத்தில் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

பிறகு வேனுக்கு வந்தார். "இன்னும் எடுக்கலையா?"

"நிக்கட்டும் சார்," என்றார் அண்ணா. "அது நிக்கறதுனாலதான நீங்க வரீங்க."

அதிகாரி சிரிக்கவில்லை. ரெஜிஸ்டரைப் பிரித்து வேன்மேல் வைத்தார். அவர் பேசிய ஆபீஸ் கன்னடம் யாருக்கும் பிடிபடவில்லை, நான்தான் கதவை விட்டு வெளியே வந்து தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. ஆபீசில் விசாரித்திருக்கிறார், இந்த நிலம் சுரங்கக் கம்பெனியுடையது என்கிறார்கள். கம்பெனி நிலம் என்றால் இந்த விதி இங்கே செல்லாது. நோட்டீஸைத் திரும்ப வாங்கிக்கொள்வார், வேன் இன்னும் நூறு வருடம் நிற்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். இல்லை, இது தன் இடம் என்று அண்ணா சொன்னால் அப்படியே எழுதிக்கொள்வார். ஆனால் வேன் இன்றைக்கே போக வேண்டும். எது என்று அண்ணாவே சொல்ல வேண்டும்.

அண்ணா வேன் கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அண்ணிதான் கிட்டே போனார்.

"இன்னா யோசன? எறங்குங்க."

"உனக்கு இன்னா தெரியும்? இத்தினி வருசம் சொரங்கத்துக் கேஜ்ல எறங்குனேன், ஏறுனேன். மணி அடிக்கறவன் ஒருத்தன், எறக்கறவன் ஒருத்தன். இதுதான்டி நானே ஓட்டுன வண்டி."

அண்ணி முன்பக்கத்து மிளகாயை முந்தானையில் வாரிக்கொண்டார். அதைப் பார்த்துக்கொண்டே அண்ணா இறங்கி வந்தார். அதிகாரியின் பேனாவுக்குக் கையை நீட்டினார்.

"என் எடம் சார். எழுதிக்கோங்க."

அன்று மத்தியானமே பழைய இரும்புக்காரர் வண்டி வந்து, சங்கிலி மாட்டி வேனை இழுத்தது. டயர்கள் மண்ணை விட மனசில்லாமல் வந்தன. அடியிலிருந்து பாம்பு எதுவும் வரவில்லை. மாலீகர் தாமே வாகனத்தை அகற்றிவிட்டார் என்று எழுதி, அதன் கீழே அண்ணாவிடம் கையெழுத்து வாங்கி, ஒரு நகலைக் கொடுத்துவிட்டுப் போனார் அதிகாரி. அண்ணா அதை நோட்டீஸோடு சேர்த்து பைபிளுக்குள் வைத்தார். சாயங்காலம் பாட்டுச் சத்தம் கேட்கவில்லை. அவர் காலியான இடத்தில் நாற்காலியும் போடாமல் நின்றுகொண்டிருந்தார். நான் விரும்பியது நடந்துவிட்டது. வாழ்க்கையில் எதற்கும் அப்படி வெட்கப்பட்டதில்லை. கால் வீக்கம், பாம்பு, குளியலறை என்று எனக்கு நானே நியாயம் சொல்லிப் பார்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை.

போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் ரயிலில் முடிவு செய்வேன். ஸ்டேஷனில் இறங்கும்போது தைரியம் இறங்காமல் ரயிலோடு போய்விடும்.

ஒரு வாரம் கழித்து அண்ணாவே வந்தார். கையில் கோடு போட்ட வெள்ளைத்தாள் ஒன்று.

"பின்னால ஒரு ஸ்கூட்டர் வெச்சிருந்தியே, அது இன்னும் கீதா?"

"இருக்குண்ணா."

"முன்னால கொண்டாந்து நிறுத்து. நான் உன் மேல கம்ப்ளெயிண்ட் குடுக்கறேன்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் குத்தல் எதுவும் இல்லை. லைனில் கன்னடம் எழுதுகிறவள் யார் என்று அவருக்குத் தெரியாதா என்ன? எழுத்தில் புகார் வேண்டும் என்று அதிகாரி சொன்னபோதே தெரிந்திருக்கும். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அண்ணா, அந்த மனு, என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் கெடக்கட்டும். உன் வீட்டுக்கும் ஒரு பேப்பர் வேணாமா?" என்று தாளை என் மடியில் வைத்தார். "எனக்கு எழுத வராது. நீயே எழுது, நான் கையெழுத்துப் போடறேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினேன். என் பக்கத்து வீட்டுக்காரி தன் சொந்த இடத்தில் ஓடாத ஒரு ஸ்கூட்டரைப் போட்டுவைத்திருக்கிறாள், அதனால் எனக்கு மிகுந்த தொந்தரவாக இருக்கிறது என்று. எழுதி முடிக்கும்வரை அவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"மாலீகருன்னு போட்டியா?" என்றார்.