பொம்மை முதுகில் குத்திய காகிதம்

இந்தியாவும் இலங்கையும் மலையகத் தோட்டத் தமிழர்களான எங்களைப் பங்கு பிரித்துக்கொள்ள ஒப்பந்தம் போட்ட அறுபத்து நான்காம் ஆண்டின் கடைசி அது. இலங்கை மலைநாட்டில், நோர்வூட் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர்.

ஒருநாள் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் காரில் ஓர் அமெரிக்கப் பெண்மணி வந்து இறங்கினார். கையில் தகரப் பெட்டி. துரை பங்களாவின் விருந்தாளியாம். ஒரு மாதம் பிள்ளைகளுக்குக் கைவேலை கற்றுக்கொடுப்பாராம். சும்மா ஒருவர் நமக்கு நல்லது செய்வாரா? மதம் மாற்ற வந்தவரோ, துரைக்கு உளவு சொல்ல வந்தவரோ என்று அன்றிலிருந்தே என் கண் அவர் மேல்தான்.

பெட்டி நிறையப் பொம்மைகள். வெள்ளைக் குல்லாய் போட்ட பெண்கள், கறுப்புத் தொப்பி வைத்த ஆண்கள். இங்கிலாந்திலிருந்து கப்பலேறி அமெரிக்காவில் குடியேறியவர்களாம். அவர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். பின்னாளில் வரியை எதிர்த்து அவர்களுடைய சந்ததியார் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிய கதை வந்ததும், ஒரு சிறுமி எழுந்தாள்.

"அப்ப கொழுந்து பறிச்சவங்களுக்கு அன்னைக்குப் பேரு போட்டாங்களா டீச்சர்?"

அன்றைய கூலி கிடைத்ததா என்று கேட்கிறாள். மொழிபெயர்த்தேன். அமெரிக்க அம்மா அந்தக் கேள்வியைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் பிள்ளைகள் கிழிந்த சாக்கிலும் பழைய கம்பளியிலும் தாங்களே பொம்மை செய்தார்கள். தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கடல் தாண்டி வந்தவரைச் செய்யவேண்டும். அதுவரை சரி. அவருடைய பெயர், சொந்த ஊர், வந்த வருடம் எல்லாவற்றையும் வீட்டில் கேட்டு எழுதி, பொம்மையின் முதுகில் குத்தவேண்டும் என்றார் பாருங்கள், இது எங்களை இந்தியாவுக்கு அனுப்பப் பட்டியல் எடுக்கும் தந்திரம்தான் என்று முடிவுகட்டினேன்.

இரண்டு நாள் கழித்து, கேள்வி கேட்ட அந்தச் சிறுமியின் அப்பா வந்தார்.

"டீச்சர், ஊருப் பேரைக் குடுத்தா அடுத்த மாசமே தலைமன்னாருக்கு ரயிலேத்தி, அங்கேருந்து இந்தியாவுக்குக் கப்பலேத்திருவாங்கன்னு லயத்து வீடுகள்ல பேசிக்கிறாங்க. நெசங்களா? எங்கப்பாரு படுக்கையில கெடந்துக்கிட்டே அம்புட்டையும் சொல்லி, பாப்பாவ எழுத வச்சிருக்காரு."

"நான் பார்த்துக்கிறேன், போங்க" என்றேன்.

மறுநாள் பிள்ளைகள் விளையாடப் போன நேரத்தில் பொம்மைகளின் முதுகிலிருந்து காகிதங்களை எல்லாம் உருவி, தேநீர்க் கேத்தலுக்குக் கீழே அடுப்பில் போட்டேன். ஒன்றைக்கூட வாசித்துப் பார்க்கவில்லை. பெரிய ஆபத்திலிருந்து தோட்டத்தையே காப்பாற்றிய பெருமை வேறு.

கடைசி நாள் அந்த அம்மா ஒரு கட்டுக் கடித உறைகளோடு வந்தார். காகிதங்களை அவற்றில் போட்டு, பிள்ளைகள் வீட்டுக்கே எடுத்துப்போய்ப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும் என்றார். தன் குடும்பத்தில் யாரும் எழுதி வைக்காததால், தன் முன்னோர் எந்த ஊர் என்று தனக்கே தெரியாதாம். காகிதங்கள் மழையில் நனைந்துவிட்டன என்று கூசாமல் பொய் சொன்னேன்.

சில வருடங்கள் போயின. அதே அப்பா ஒரு விண்ணப்பப் படிவத்தோடு வந்து நின்றார். ஒப்பந்தப்படி அவர்கள் குடும்பம் இந்தியாவுக்குப் போகவேண்டும் என்று முடிவாகியிருந்தது.

"இதுல சொந்த ஊரு கேக்குறாங்க டீச்சர். எங்கப்பாரு தவறிட்டாரு. ஏதோ பட்டின்னு முடியும்னுதான் பாப்பாவுக்கு ஞாபகமிருக்கு. அன்னைக்கு எழுதுன கடுதாசி இருக்குங்களா?"

உண்மையைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

"போகட்டுங்க. எங்க நல்லதுக்குத்தானே செஞ்சீங்க" என்றார்.

எங்கள் தோட்டத்தில் பலரும் அங்கிருந்து வந்தவர்கள் என்ற யூகத்தில், அந்த இடத்தில் "திருச்சி ஜில்லா" என்று மட்டும் நானே எழுதிக் கொடுத்தேன். அவர்கள் ரயிலேறிப் போனார்கள். எந்த ஊரில் யாரைத் தேடி அலைந்தார்களோ, ஒரு கடிதமும் வரவில்லை. ஆளைச் சந்தேகப்படும் குணம் என்னை விட்டு இன்றும் போகவில்லை. ஆனால் அடுத்தவர் எழுதிய ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட, அவரைக் கேட்காமல் கிழிக்க எனக்குக் கை வருவதில்லை.