அப்பாவைப் போகச் சொல்ல ஆளில்லை

அப்பாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது, கல்லறைத் தோட்டத்து மரத்தில் அமே ஒரு சின்னக் கிளையை ஒடித்தாள். "வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்று அதனிடம் சொல்லி, தாமுவே பேட்டையில் எங்கள் மூன்றாம் மாடி வீடு வரைக்கும் கையிலேயே கொண்டுவந்தாள். அம்மாவை நாங்கள் பர்மிய வழக்கப்படி அமே என்றுதான் கூப்பிடுவோம். அப்பாவைக் கட்டிக்கொள்வதற்காக ஞானஸ்நானம் வாங்கிய பர்மாக்காரி அவள். இறந்தவர் அந்தக் கிளையோடு வந்து ஏழு நாள் வீட்டில் இருப்பார், ஏழாம் நாள் காலையில் போகச் சொல்லி அனுப்பவேண்டும், அதுவரை கதவைச் சாத்தக்கூடாது என்பது அவள் பக்கத்து நம்பிக்கை.

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. கோயிலில் உபதேசியாருக்கு அவர்தான் வலதுகை. "அப்பா உத்தரிக்கிற ஸ்தலத்துல இருக்காரு அமே. நம்ம ஜெபந்தான் அவரைக் கரையேத்தும். கதவைச் சாத்துங்க" என்றார். அமே சாத்தவில்லை. கொசு வந்தது. பக்கத்து வீட்டுப் பூனை வந்து கருவாட்டைத் தூக்கிக்கொண்டு போனது. அப்பா வந்தாரோ என்னவோ, தெருவில் இருந்த மற்ற எல்லாம் வந்தது. இருவரும் முகம் கொடுத்துப் பேசாமல் எல்லாவற்றையும் என்னிடமே சொன்னார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

சமாதானம் செய்கிறேன் பேர்வழி என்று ஆறாம் நாள் நான் ஓர் ஏற்பாடு செய்தேன். ஏழாம் நாள் காலைப் பூசைக்கு அமே வருவாள். பதிலுக்கு அண்ணன் கதவைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. பூசை முடிந்ததும் வந்து காலைக்குள்ளேயே அப்பாவைப் போகச் சொல்லிவிடலாம் என்பது என் கணக்கு. பூசை முடிந்து, கல்லறை மந்திரிப்பு முடிந்து, வந்தவர்களெல்லாம் துக்கம் விசாரித்து முடித்து வீடு திரும்பும்போது மதியம் தாண்டிவிட்டது.

அமே வாசலிலேயே நின்றுவிட்டாள். "காலையில போகச் சொல்லணும். யாருமே சொல்லலியே. இனி அவர் எப்படிப் போவாரு?"

"அவர் போயி ஏழு நாளாச்சு" என்றார் அண்ணன்.

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. "இப்பச் சொல்லுங்களேன் அமே. அப்பா என்னிக்கு மணி பார்த்து நடந்தாரு?"

"என்னால ஆகாது. இத்தனை வருசமா வீட்டுக்கு வாங்கன்னுதான் அவரைக் கூப்பிட்டிருக்கேன். நீ சொல்லு."

ஒரு வார்த்தைதானே, சொல்லித் தொலைத்துவிட்டுச் சாப்பிடலாம் என்று அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றேன். அங்கே நின்ற பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. அவர் இறந்த அன்று காலை இதே நாற்காலியிலிருந்து என்னைக் கூப்பிட்டார். அப்புறம் சொல்லுங்கப்பா என்று போனைப் பார்த்துக்கொண்டே படியிறங்கிவிட்டேன். ஏழு நாளாக அதை யாரிடமும் நான் சொல்லவில்லை.

"அப்பா" என்றேன். போங்க என்று சொல்ல வாய் வரவில்லை.

"அன்னிக்கு என்ன சொல்ல வந்தீங்க?"