யாருக்கோ சுட்ட லெஃப்ஸே

என் அக்கா போர்ஹில்டின் கணவர் ஓட்முண்ட், எங்கள் தீவுக்கு வந்துபோகும் பயணிகள் கப்பலில் கயிறு வீசிக் கட்டியே தலை நரைத்தவர். தீவில் யாராவது நோயில் படுத்துவிட்டால் போதும், உருளைக்கிழங்கைப் பிசைந்து லெஃப்ஸே என்னும் மெல்லிய ரொட்டி சுட ஆரம்பித்துவிடுவார். வெண்ணெயும் சர்க்கரையும் தடவிச் சுருட்டி, துணியில் பொதிந்துகொண்டு முதல் ஆளாகப் போய் நிற்பார். ஒன்றையாவது தின்னவைக்காமல் நகர மாட்டார். நான் காலை ஒடித்துக்கொண்டு கிடந்தபோது, "கால்தானே ஒடஞ்சுது, வாய் நல்லாத்தானே இருக்கு?" என்று ஊட்டியே விட்டார்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஞாபகம் தடுமாறத் தொடங்கியது. பரிசோதனையெல்லாம் முடிந்து, முடிவைக் கேட்க மூவரும் என் காரில் போனோம். அங்கிருந்த இளம் பெண் மருத்துவர் நாற்காலியை அக்கா பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். நோயின் பெயரை அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தார். "இந்த மாதிரி நோயாளிங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமா ஞாபகம் போயிடும். கார் சாவிய எடுத்து வச்சிடுங்க. கூட இருக்கிறவங்களுக்குத்தான் ரொம்பக் கஷ்டம்," என்றார். அத்தான் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அவரோ தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு மரியாதையாகத் தலையாட்டினார். புரிந்துதான் ஆட்டுகிறார் என்று நாங்கள் நினைத்தோம்.

மறுநாள் காலை அக்கா வீட்டுக்குப் போனால் சமையலறை முழுக்க மாவு.

"யாருக்கு அத்தான் இது?"

"நேத்து அந்த டாக்டர் பொண்ணு சொல்லுச்சே, ஒரு பாவப்பட்ட மனுஷன். கார் சாவியக்கூடப் புடுங்கிடுவாங்களாமே! அவன் வீடு எங்கன்னு கேளு, ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாம்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடினாள். நான் ஆத்திரத்தோடு மருத்துவருக்குப் போன் போட்டேன்.

"நேத்தே விளக்கமாச் சொல்லிட்டேனே," என்றார்.

"யார்கிட்டம்மா சொன்னீங்க? நோய் அவருக்கு, சொன்னது எங்க அக்காகிட்ட!"

"திங்கட்கிழமை கூட்டிட்டு வாங்க. நானே அவர்கிட்ட பேசறேன்."

"திங்கட்கிழமையா? அவரு இப்பவே தொப்பியப் போட்டுட்டு நிக்கிறாரு!"

அவர் பொட்டலத்தோடு காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். உண்மையைச் சொல்லத் துணிவில்லாமல் நான் தீவைச் சுற்றிக் காரை ஓட்டினேன்.

"இன்னும் எவ்ளோ தூரம்? ஆறிடப் போவுது."

கடைசியில் அவர் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினேன். அத்தான் சிரித்தார்.

"ஏய், இது நம்ம வீடு! வழிய மறந்துட்டியா?"

"மறக்கல அத்தான். டாக்டர் சொன்னது உங்களைத்தான். உங்களுக்கு டிமென்ஷியா. ஞாபகத்தைத் தின்னுற நோய். அந்த மனுஷன் நீங்கதான்."

சிரிப்பு அப்படியே நின்றது. பொட்டலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னையா சொல்லுச்சு?"

"ஆமா."

"நானும் அங்கதானே உக்காந்திருந்தேன். என் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

நான் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து அழுதுவிட்டேன். கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

அவர் பின்னாலேயே வீட்டுக்குள் ஓடினேன். அக்கா வீங்கிய கண்களோடு மேசையருகே உட்கார்ந்திருந்தாள். அத்தான் அவளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, துணியைப் பிரித்து, ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"சாப்பிடு போர்ஹில்ட். கூட இருக்கிறவங்களுக்குத்தான் ரொம்பக் கஷ்டமாம்."