துண்டுக்குள் கேட்ட ஃபீஸ்

கவர்மெண்ட் காலேஜில் படித்தவள் என்று சொன்னால் போதும், "அப்ப செலவே இல்லைன்னு சொல்லுங்க" என்பார்கள். எனக்குச் சுர்ரென்று கோபம் வரும். செலவு இல்லையா? எங்கள் வீட்டு மாட்டைக் கேட்டால் தெரியும்.

அன்னூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தோட்டம். அப்பா வாரம் தவறாமல் சந்தைக்குப் போய் மாட்டுத் தரகும் பார்ப்பார். ப்ளஸ் டூ முடித்ததும் கோயமுத்தூரில் ஓர் அரசுக் கல்லூரியில் எனக்குப் புள்ளியியல் கிடைத்தது. கணக்கு என்றால் எனக்கு உயிர். சீட்டு கிடைத்த செய்தி வந்த அன்றே, யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், சினையாக இருந்த கறவை மாட்டைப் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு ஐம்பதாயிரத்துக்கு விற்றுவிட்டார் அப்பா. பெரியப்பா தன் மகனுக்கு இன்ஜினியரிங் காலேஜில் லட்சக் கணக்கில் கட்டியதைப் பார்த்தவர் அவர். காலேஜ் என்றால் ஒரு மாடாவது போகும் என்று அவராகவே முடிவு செய்துவிட்டார்.

பணத்தை மஞ்சள் பையில் சுற்றிக்கொண்டு காந்திபுரத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்துப் போனோம். ஃபீஸ் வாங்கும் ஜன்னலில் கண்ணாடி போட்ட கிளார்க் ஒருவர். அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையின்மேல் போட்டு, அந்தக் கையை ஜன்னலுக்குள் நீட்டினார். சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். துண்டுக்கு அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துத்தான் தொகை பேசுவார்கள், பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியக் கூடாது. பெரிய தொகை என்றால் அப்பாவின் கை தானாகத் துண்டுக்குள் போய்விடும். பாவம் அந்தக் கிளார்க், என்ன நினைத்தாரோ, துண்டுக்கு அடியில் ஒரு பேனாவைச் செருகினார். எனக்கு மானம் போயிற்று.

"ரெண்டாயிரத்து முந்நூறுங்க" என்றார் கிளார்க்.

"மாசத்துக்குங்களா?"

"வருசத்துக்குங்க."

அப்பாவின் முகம் செத்துப்போயிற்று. சந்தையில் எவனாவது மாட்டைச் சல்லிசாகக் கொடுத்தால், அதற்கு எங்கேயோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். என்னை வேப்பமரத்தடிக்கு இழுத்துப் போனார்.

"வேண்டாங் கண்ணு. இதுல என்னமோ சூது இருக்குது. பெரியப்பன் பையன் படிக்கற காலேஜுக்கே போயிரலாம். அங்கதான் ஃபீஸு நெம்ப எச்சா வாங்கறாங்க."

"அங்க இன்ஜினியரிங்தானுங்கப்பா இருக்குது. எனக்கு அது வேண்டாமுங்க."

"எச்சா வாங்கறான்னா சும்மாவா வாங்குவான்?"

அன்று சாயங்காலத்துக்குள் கட்டாவிட்டால் சீட்டு அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். அழுது பார்த்தேன், பலிக்கவில்லை. ஆத்திரம் தாங்காமல் கத்தினேன்: "கறந்து பாக்காம எந்த மாட்டையாச்சும் வேண்டாமுன்னு சொல்லியிருக்கீங்களாப்பா?"

அப்பா யோசித்தார். கறவை மாடு வாங்குகிறவர், தன் கண்ணெதிரே கறந்து காட்டச் சொல்வதுதான் சந்தை வழக்கம். "சரி, கறந்தே பாத்துப்போடலாம்" என்று நேராகப் புள்ளியியல் துறைக்கு நடந்தார்.

அங்கே ஒரு மேடம் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு, காசைச் சுண்டினால் பூவா தலையா என்று நடத்திக்கொண்டிருந்தார். அப்பா செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, "சித்த நேரம் உக்காந்து பாத்துக்கறனுங்க" என்று கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேடம் மட்டும் சிரிக்காமல் தொடர்ந்தார். நான் ஜன்னலுக்கு வெளியே நின்று தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். பத்து நிமிடத்தில் அப்பா எழுந்து நின்றார்.

"ஏனுங்க மேடம், எங்க மாடு வரிசையா மூணு காளைக்கன்னு போட்டுதுங்க. நாலாவது பொட்டக்கன்னாத்தானுங்க இருக்கோணும்?"

"இல்லீங்க. முந்தி என்ன போட்டோமுன்னு மாட்டு வயித்துக்கு ஞாபகம் இருக்காதுங்க. ஒவ்வொரு தடவையும் பாதிக்குப் பாதிதானுங்க."

"அடுத்தது பொட்டக்கன்னுதானுங்க" என்று சொல்லிச் சொல்லியே முப்பது வருடம் மாடு விற்றவர் அப்பா. அதைவிடக் கொடுமை, அதே பேச்சை நம்பி வாங்கியும் இருக்கிறார். வெளியே வந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "இந்த ஒத்தைப் பேச்சுக்கே ரெண்டாயிரம் தரலாங் கண்ணு. போய்க் கட்டிப்போட்டு வா" என்றார். நான் ஃபீஸ் ஜன்னலுக்கு ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு அறுந்தது.

மீதிப் பணத்தை எடுத்துக்கொண்டு, மறுநாளே மாட்டைத் திருப்பி வாங்கப் போனார் அப்பா.

"அம்பத்தெட்டு குடுங்க. மூணும் காளை, அடுத்தது பொட்டக்கன்னுதானுங்களே" என்றார் தோட்டத்துக்காரர்.

"மாட்டு வயித்துக்கு அதெல்லாம் ஞாபகம் இருக்காதுங்க."

"எங்கிட்ட விக்கறப்ப மட்டும் இருந்துதுங்களா?"

அப்பா அம்மாவின் சீட்டுப் பணத்தையும் சேர்த்துக் கொடுத்து மாட்டை ஓட்டி வந்தார். நாலாவதும் காளை. மூன்று வருட ஃபீஸைக் கூட்டினாலும் மாட்டுக்குக் கூடுதலாகக் கொடுத்த அந்த எட்டாயிரத்தைத் தொடவில்லை. நான் டிகிரி வாங்கும்வரை அம்மா சோறு போடும்போதெல்லாம் இதைச் சொல்லிக் காட்டினார்.

படிப்பு முடிந்து, சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. முதல் சம்பளம் வந்த வாரம் ஊருக்குப் போனேன். பெரியப்பா வந்திருந்தார், மகன் இன்னும் வேலை தேடிக்கொண்டிருந்தான். அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கையில் துண்டைப் போட்டு நீட்டினார். நான் துண்டுக்குள் கைவிட்டு அவருடைய மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்தேன். முப்பதாயிரம்.

அப்பா குனிந்து என் காதோடு கேட்டார்.

"வருசத்துக்கா கண்ணு?"

"மாசத்துக்குங்கப்பா."

"எத்தனையாமா சம்பளம்?" என்றார் பெரியப்பா. அப்பா துண்டை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடினார். உள்ளே என் கையை விடவில்லை.