பித்தளைக் கப்பி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், வெந்த இட்லியைத் துணியோடு கவிழ்த்துக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து பழகிய குரல் ஒன்று கேட்டது. "கப்பிக்கும் எடை இருக்குல்ல? அதுவும் சுத்தணும்ல? அதுக்கு உள்ள பங்கை யாரு குடுக்குறது?" பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கைப்பேசியில் பாடம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த மேடம் சொன்னாத்தாம்மா எனக்குப் புரியுது," என்றாள்.

நான் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. அதே கப்பிக் கணக்கை முந்தின நாள் சாயங்காலம் முழுக்க அவளுக்கு விளக்கியிருந்தேன். திரையைப் பார்க்காமலே குரலுக்கு உரியவள் யாரென்று தெரிந்துவிட்டது. கையிலிருந்த இட்லி ஒன்று பாதி துணியிலும் பாதி தட்டிலுமாகப் பிய்ந்தது.

தையல்நாயகி. தஞ்சாவூரில் நாங்கள் இருவரும் ஒரே கல்லூரியில், ஒரே வகுப்பில் இயற்பியல் படித்தோம். நான் வலங்கைமான் பக்கத்து விவசாயக் குடும்பம்; அவள் அதிராம்பட்டினத்தில் கடலுக்குப் போகும் குடும்பம். அவளைப் பார்த்து எனக்கு எதிலெல்லாம் பொறாமை வந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். மார்க்கில் வந்தது, சரி. அவளுடைய சாய்வான கையெழுத்தின் மீது வந்தது. விடுதிச் சாம்பாரோடு அவள் ஊரிலிருந்து கொண்டுவரும் கருவாட்டைச் சேர்த்துக்கொண்டு, யார் மூக்கைச் சுளித்தாலும் நிதானமாகச் சாப்பிடுகிற அந்த அமைதியின் மீதும் வந்தது. இத்தனைக்கும் நான் சமத்துவம் பற்றிப் பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கியவள். மேடையிலிருந்து இறங்கிய கையோடு, ஆய்வகத்தில் அவள் நோட்டுக்கு எத்தனை 'நன்று' விழுந்திருக்கிறது என்று எட்டிப் பார்ப்பேன்.

ஆய்வகம் என்றதும் எனக்கு விளக்கெண்ணெய் வாசனை வந்துவிடும். கப்பிகளின் அச்சுக்கு அதைத்தான் விடுவார்கள். அங்கே இருந்தவை பெரும்பாலும் அலுமினியக் கப்பிகள், உள்ளங்கையில் வைத்தால் இருப்பதே தெரியாது. அலமாரியின் அடித்தட்டில் மட்டும் ஒரு பித்தளைக் கப்பி கிடந்தது. சுவாமிமலையில் சிலை வார்ப்பவர்களிடம் சொல்லி வார்த்தது என்பார்கள். அச்சுக்கான துளையைத் தவிர வேறு துளையோ ஆரக்காலோ இல்லாத கெட்டி வட்டு. ஒரு கையால் தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும். அதை யாரும் தொடுவதில்லை. எங்கள் கணக்குகள் அனைத்தும் 'கப்பியின் நிறையைப் புறக்கணிக்க' என்றே தொடங்கின. அப்படிப் புறக்கணித்தால் கயிற்றின் இழுவிசை இரண்டு பக்கமும் ஒன்று. கணக்கு இரண்டு வரியில் முடிந்துவிடும்.

இரண்டாம் ஆண்டு முடிவில், பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கோடைப் பயிற்சிக்கு எங்கள் துறையிலிருந்து ஒருவருக்கு இடம் கிடைத்தது. போட்டியில் மிஞ்சியது நாங்கள் இருவர். கப்பியில் இரண்டு எடைகளைத் தொங்கவிட்டு, கனமானது ஒரு மீட்டர் இறங்க எவ்வளவு நேரமாகும் என்று முதலில் கணக்கிட்டு, பிறகு அளந்து காட்ட வேண்டும். கருவிகளைப் பொருத்தும் வேலை வகுப்புப் பிரதிநிதியான எனக்கு வந்தது. அலுமினியக் கப்பிகளில் ஒன்றுதான் அப்போது சரியாக ஓடியது. "ஒண்ணு குறையுதா? அந்தப் பித்தளையை எடுத்து மாட்டிக்கம்மா. யாருக்கு எதுன்னு நீயே பாத்துக்க," என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் முதல்வர் அறைக்குப் போனார்.

சீட்டுப் போட்டிருக்கலாம். போடவில்லை. பித்தளைக் கப்பியை அவள் மேசையில் மாட்டினேன். அதில் வழக்கமான சூத்திரம் பொருந்தாது, விடை தப்பும் என்று தெரிந்தே மாட்டினேன். எண்ணெயைக்கூட ஒரு சொட்டு கூடுதலாக விட்டேன், பிறகு யாரும் குறை சொல்லக் கூடாதே என்று.

எனக்கு விடை அச்சடித்தாற்போல வந்தது. அவளுக்கு, கணக்கில் வந்ததைவிட அளந்த நேரம் கூடுதலாக இருந்தது. மூன்று முறை அளந்தாள். எனக்குள் ஏதோ குளிர்ந்தது.

"என்ன தையல், வரலையா?" என்று கேட்டேன்.

"வருதுடி. சூத்திரம்தான் வர மாட்டேங்குது."

இரண்டு பக்கமும் ஒரே எடையைத் தொங்கவிட்டு, விரலால் லேசாகத் தள்ளினாள். கப்பி சீராக ஓடிக்கொண்டே இருந்தது. உராய்வு காரணமில்லை என்பது அவளுக்கு உறுதியாகிவிட்டது. பிறகு கப்பியைக் கழற்றித் தராசில் வைத்தாள்.

பேராசிரியர் திரும்பி வந்ததும், "சார், கயிறு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இழுக்கல," என்றாள். "ரெண்டும் ஒண்ணா இருந்தா இதை யாரு சுத்துறது? கெட்டி வட்டு, அதனால அதோட எடையில பாதியைத் தொங்குற எடையோட சேத்துக்கிட்டேன். இப்ப சரியா வருது."

"புத்தகத்துல பாத்தியாம்மா?"

"பாதிங்கற கணக்கு புத்தகம் சார். மத்தது எங்கப்பா படகு. பாய் ஏத்துற மரக்கப்பி தண்ணியில ஊறிப்போச்சுன்னா, இழுக்க ஆரம்பிக்கயில கையை வெட்டும். ஓட ஆரம்பிச்சிட்டா கனம் தெரியாது. நிறுத்தப் போனா அது நம்மளை இழுக்கும்." என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "வலங்கைமானுக்கு என்ன சார் தெரியும்? சுவிட்சைப் போட்டா தண்ணி கொட்டுற ஊரு."

பெங்களூருக்கு அவள் போனாள். நான் பொருத்திய கப்பிதான் அவளை அனுப்பியது. என் சூழ்ச்சி அவளுக்கு நன்மையாகவே முடிந்ததே என்று பல ஆண்டுகள் எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். அது பொய்த் தீர்ப்பு. அவளுக்குப் பதில், ஊறிய கப்பியை இழுத்தறியாத ஒரு பெண் அந்த மேசையில் நின்றிருந்தால், தன் கையில்தான் பிழை என்று நம்பி வீட்டுக்குப் போயிருப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பாடத்தின் முடிவில் தையல் இந்தக் கதையைத்தான் சொன்னாள். "அன்னிக்கு எனக்குப் பித்தளைக் கப்பியை மாட்டிக் குடுத்தது என் ஃப்ரெண்டு, வலங்கைமான் பொண்ணு. இதைச் சமாளிக்க என்னாலதான் முடியும்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. அந்த மாதிரி ஒரு ஃப்ரெண்டு எல்லாருக்கும் வேணும்."

மகள் திரும்பிப் பார்த்தாள். "அம்மா, உங்க ஊராம்! உங்களுக்கு அவங்களைத் தெரியுமா?"

"தையலைத் தெரியும்," என்றேன். "அந்தப் பொண்ணு அவ்வளவா பழக்கமில்ல."

நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு என் பொறாமை இடம் மாறியது அன்றுதான். அவள் கதையில் வரும் அந்தத் தோழியைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

அடுத்த வாரம் ஒரு கருத்தரங்குக்காக அந்தக் கல்லூரிக்குப் போகவேண்டியிருந்தது. கப்பியைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பி, அதன் கீழே உண்மையை எழுதிவிடலாம் என்று நினைத்தேன். 'தையல், இந்தக் கப்பியை நான்' என்பது வரைக்கும் பேருந்திலேயே தட்டிவைத்திருந்தேன். ஆய்வகத்தில் விளக்கெண்ணெய் வாசனை இல்லை. மேசைதோறும் வெள்ளைப் பிளாஸ்டிக் கப்பிகள், ஊதினாலே சுற்றுகின்றன. அவற்றின் நிறையை யார் புறக்கணித்தாலும் தப்பில்லை.

"இங்க ஒரு பித்தளைக் கப்பி இருந்துச்சே?" என்று பொறுப்பாளரிடம் கேட்டேன்.

"அதுங்களா மேடம்? யாருமே எடுக்குறதில்ல. பழைய சாமானோட எடைக்குப் போட்டுட்டாங்க."

அலமாரியின் அடித்தட்டில் வட்டமாக ஓர் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அதைப் படமெடுத்தேன். யாருக்கு அனுப்பினாலும் அது வெறும் கறையாகத்தான் தெரியும். எழுதி வைத்திருந்த பாதி வரி இன்னும் கைப்பேசியில் இருக்கிறது. 'இந்த' என்று சுட்டிக்காட்டத்தான் எதுவும் இல்லை.